காணாது பாடியவரும் கண்டும் காணாதாரும்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் ஈழநாட்டுக்கு வந்தாரல்லர். இராமேச்சரத்தில் இருந்தவாறே, கடலுக்கு அப்பாலுள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் உள்ளத்தால் வணங்கிப் பதிகம் பாடினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறுகின்றார். காணாது பாடிய அந்தக் கோணமலைப் பதிகத்தை மூன்றாந் திருமுறையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். கடலின் முழக்கம் செவியில் விழும். அலைகள் முத்தைச் சுமந்து வந்து கரையிலே கொழிக்கும். கோயிலும் சுனையும் கடலும் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் நிலத்தின் அமைப்புக் கண்முன்னே தோன்றும். ஏழாம் நூற்றாண்டிலே, கடலுக்கு அக்கரையில் நின்ற ஒருவருக்கு இவ்வூரின் இயல்பு இவ்வளவு தெளிவாக எட்டியிருந்தது. கடல் அந்நாளில் வேலியாய் இருக்கவில்லை, வழியாய் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று நாம் பேருந்து ஏறிச் சென்று அதே ஊரை நேரிற் காண்கின்றோம். காலையிற் கோணேசர் கோயில், நண்பகலிற் கன்னியா வெந்நீரூற்று, மாலையில் நிலாவெளிக் கடற்கரை, இருட்டுமுன் திரும்புதல். பாடசாலைச் சுற்றுலாக்களின் நிரல் பெரும்பாலும் இதுதான். சென்று வந்த மாணாக்கரைத் "திருகோணமலையில் என்ன கண்டாய்?" என்று கேட்டால், மேற்சொன்ன மூன்று பெயர்களையும் ஒப்புவிப்பர், கைத்தொலைபேசியில் எடுத்த படங்களையும் காட்டுவர். "அவ்வூரில் ஏன் ஒரு கோட்டை இருக்கின்றது? நான்கு ஐரோப்பிய சாதியார் அதன் பொருட்டு ஏன் போரிட்டனர்?" என்று கேட்டாலோ விடை வராது. காணாது பாடியவர் ஒருவர் இருந்த மண்ணிலே, கண்டும் காணாதாரை நாம் ஆண்டுதோறும் உருவாக்கி வருகின்றோம். குறை மாணாக்கர்பாலது அன்று. அழைத்துச் செல்லும் நம்பாலதே.

திருகோணமலையின் இயற்கை வேறு, வரலாறு வேறு, இலக்கியம் வேறு என்று மூன்று பெட்டிகளில் இட்டு வைத்தல் தவறு. அவை மூன்றும் ஒரு கயிற்றின் புரிகள். அக்கயிற்றின் பெயர் துறைமுகம். இதுவே யான் இக்கட்டுரையில் வற்புறுத்த விழையும் கருத்து.

திருகோணமலைத் துறைமுகம் மனிதர் வெட்டியமைத்தது அன்று. குன்றுகளும் முனைகளும் அரணாய் நிற்க, நிலத்துக்குள்ளே கடல் ஆழமாய்ப் புகுந்து கிடக்கும் இயற்கைத் துறை அது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது. தெற்கே கொட்டியாரக்குடாவிலே, நம் நாட்டின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்து கலக்கின்றது. அக்குடாவின் அடியிலிருந்து தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்லும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று நீருக்குள்ளே கிடக்கின்றது. கரைக்கு இவ்வளவு அண்மையில் கடல் இவ்வளவு ஆழமாய் இருப்பதனாலேதான், நடுக்கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்களும் பெருந்தலைத் திமிங்கிலங்களும் கரையோரமாக வருகின்றன. ஆண்டின் சில மாதங்களில், கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் உச்சியில் நின்றே அவை நீரைப் பீச்சி எழுவதைக் காணலாம். தொழுதுவிட்டுத் திரும்புவோருள் எத்தனை பேர் கடலை நோக்கிக் கால்மணி நேரம் நிற்கின்றனர்?

இனி, இந்த ஆழமும் அரணும் வரலாற்றை எவ்வாறு ஆக்கின என்பதைப் பார்ப்போம். சோழமண்டலக் கரையிலே நாகப்பட்டினம் முதலாக வடக்கே நெடுந்தூரம் வரைக்கும், வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்தில் பெருங்கப்பல்கள் அஞ்சாது தங்கத்தக்க இயற்கைத் துறை இல்லை. பாய்க்கப்பற் காலத்திலே ஐப்பசி பிறந்ததும் போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டு அகலவேண்டியிருந்தது. எக்காற்றிலும் புகத்தக்கதாய், எக்காற்றுக்கும் அஞ்சாததாய் வங்கக்கடலின் வாயிலிலே இருந்த துறை திருகோணமலை. ஆகவே, அதனைக் கைக்கொண்டவர் இந்தியாவின் கீழ்க்கரைக் கடலைக் கைக்கொள்வர் என்பது ஐரோப்பியர் கண்ட கணக்கு.

அக்கணக்கினால் நேர்ந்தவற்றை ஆண்டுகளோடு நினைவில் வைத்தல் நன்று. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான். அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை எழுந்தது. 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே, சனவரியில் ஆங்கிலேயரும் ஆகத்தில் சுவ்ரன் என்னும் கடற்படைத் தலைவன்கீழ்ப் பிரான்சியரும் மாறிமாறி அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தனர். யோர்க் கோமகனாகிய பிரெட்றிக்கின் பெயரைக் கோட்டைக்கு இட்டவரும் அவரே. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி, யப்பானிய வானூர்திகள் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. நாடு சுதந்திரம் அடைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1957இலேயே, பிரித்தானியக் கடற்படை இத்துறையை நம்மிடம் ஒப்படைத்தது. சீனன்குடாவிலே காட்டுக்குள் வரிசையாய் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் அக்கடற்படையின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. அவற்றைப் பற்றி 2022இலும் இரு நாடுகள் உடன்படிக்கை செய்தன. துறையின் ஆழம் இன்னமும் அரசியலைத் தன்பால் இழுத்துக்கொண்டே இருக்கின்றது.

கோட்டை வாயிலைக் கடந்துதான் கோயிலுக்குப் போகவேண்டும். அவ்வாயிலின் நிலைக்கல்லிலே கயல் உருவமும் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய கட்டடமொன்றின் கல், பகைவர் கட்டிய வாயிலுக்கு நிலையாய் நிற்கின்றது. வரலாற்றுப் பாடம் முழுவதையும் ஒரு கல்லில் எழுதிவைத்தாற்போன்ற காட்சி இது. அண்மையில் மாணாக்கர் சிலரோடு சென்றபோது அவ்வாயிலருகே சிறிது நேரம் நின்றேன். மூன்று பேருந்துகளில் வந்தோர் எம்மைக் கடந்து சென்றனர். அக்கல்லை ஏறிட்டுப் பார்த்தவர் ஒருவரும் இலர். உள்ளே மேயும் புள்ளிமான்களைப் படம் பிடித்தோர் பலர். அம்மான்கள் எறிந்து கிடந்த பொலித்தீன் உறைகளை நக்கிக்கொண்டிருந்தன. அவ்வுறைகளை எறிந்தவரும் அடியாரே.

இடிந்தது மட்டுமா வரலாறு? எழுந்ததும் வரலாறே. 1950இல், நகரத்திலே கிணறு தோண்டியபோது, மண்ணுள் மறைந்து கிடந்த பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே கடலுள் மூழ்கி, சிதைந்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கோயில் இல்லாதிருந்த பாறையிலும் மக்கள் கடலை நோக்கி வழிபட்டு வந்தனர் என்பதை இவற்றோடு சேர்த்து எண்ணுக. கட்டடம் போன பின்னும் இடம் போகவில்லை. இதை மாணாக்கர்க்குச் சொல்லாமல் அருச்சனைச் சீட்டு மட்டும் வாங்கிக் கொடுத்தால், பத்தியும் பாதியாகவே நிற்கும்.

அடுத்துக் கன்னியா. (கொட்டியாரக்குடாவின் மறுகரையிலுள்ள கிண்ணியா வேறு, இக் கன்னியா வேறு. பெயரொலி மயக்கத்தால் வெளியூரார் இடர்ப்படுவதுண்டு.) ஒன்றுக்கொன்று அண்மையில் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றின் நீரும் சற்றே வேறுபட்ட வெம்மையுடையது. இராவணன் தன் தாய்க்கு அந்திமக் கிரியை செய்யும்பொருட்டு இவ்வூற்றுக்களை உண்டாக்கினான் என்பது செவிவழிக் கதை. தாயை இழந்தோர் அங்குச் சென்று கடன் கழிக்கும் வழக்கமும் உண்டு. நிலவியலார் கூறுவதோ வேறு. இங்கு எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே நெடுந்தூரம் கீழிறங்கி, பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் பிளவு வழியே மேலெழுகின்றது. நம் தீவின் கிழக்கிலும் தெற்கிலும் இத்தகைய ஊற்றுக்கள் வேறும் சில உள்ளன.

இவ்விடத்திலே ஆசிரியரிற் சிலர் கதையைச் சொல்லி நிலவியலை விடுகின்றனர். வேறு சிலர் நிலவியலைச் சொல்லிக் கதையை நகைக்கின்றனர். இரண்டும் குறைபாடே என்பது என் துணிபு. கதை, ஊற்று எவ்வாறு தோன்றிற்று என்பதற்கு விடை அன்று. அந்நீரை மக்கள் எவ்வாறு மதித்தனர் என்பதற்கே விடை. தாய்க்குச் செய்யுங் கடனை அரக்கனும் மறவான் என்பது அக்கதையின் உள்ளுறை. நிலவியல், நீரின் வழியைச் சொல்லும். நம் மனத்தின் வழியைச் சொல்லாது. இரண்டையும் சொல்லி, எது எதற்கு விடை என்பதையும் பிரித்துக் காட்டுவதே கற்பித்தல்.

இதனோடு ஒட்டி, நம்மவர்க்குச் சற்றுக் கசப்பாயினும் ஒன்று சொல்லவேண்டும். பழமையைப் பெருக்கிக் கூறுவதால் பெருமை வளரும் என்று எண்ணுவோர் இன்று மிகுந்துவிட்டனர். பாறையிற் பிளவு கண்டால் பத்தாயிரம் ஆண்டு என்பர். கல் ஒன்று கண்டால் உலகின் முதற் கோயில் என்பர். மறுபுறத்தார் தமக்கேற்ற வேறொரு கதையைப் பெருக்குவர். இரு பெருக்கத்துக்கும் இடையே மெய் நசுங்குகின்றது. தேவாரம் இருக்கின்றது, கல்வெட்டு இருக்கின்றது, செப்புத் திருமேனி இருக்கின்றது, கடலடியிலே கற்றூண் இருக்கின்றது. இவ்வளவு சான்றுடைய ஊருக்குப் பொய்ச்சான்று எதற்கு? அளந்து பேசினால் மறுப்பாரும் கேட்பர். அளவு கடந்து பேசினால் நம்முடைய மெய்யையும் பொய்யென்று தள்ள நாமே இடங்கொடுத்தவராவோம். மாணாக்கர் முன்னே பேசும் ஆசிரியர் இதனை மறத்தல் ஆகாது.

மூன்றாவதாக நிலாவெளிக் கடலும் அதற்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவும். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிலே கூடு கட்டி வாழ்வதனாற் பெற்ற பெயர் அது. 1963இல் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அத்தீவைச் சூழ முருகைக்கற்பாறைகள் உள. முருகைக்கல் என்று நாம் சொல்வதனால் அதனைக் கல்லென்றே மாணாக்கர் எண்ணிவிடுகின்றனர். அது நுண்ணுயிர்கள் கூடிச் சமைத்த வீடு. ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீற்றரோ, மிஞ்சினாற் சில சென்றிமீற்றரோதான் வளரும். நூற்றாண்டுகளால் வளர்ந்த அதனை, நீந்தத் தெரியாதவர் ஒருவர் கால் ஊன்றிய ஒரு நொடியில் முறித்துவிடலாம். கடல்நீர் வெப்பமுறுவதால் முருகை வெளிறிச் சாவது உலகெங்குமுள்ள துயரம். அதைத் தனியொருவராய் நாம் தடுத்தல் அரிது. ஆனால், கால் ஊன்றாதிருத்தல் நம்மால் ஆகும்.

நான் முன்னே குறித்த செலவிலே, எம் மாணாக்கன் ஒருவன் கரையொதுங்கிக் கிடந்த முருகைத் துண்டொன்றைப் பைக்குள் இட முயன்றான். தோணிக்காரர் அதைக் கண்டு, "தம்பி, அது கல்லில்லை, உயிர் இருந்த வீடு. கிடந்த இடத்திலேயே வைச்சிட்டு வாங்க. ஆளுக்கொன்று கொண்டுபோனா எங்கட பிள்ளைகளுக்கு மீன் எங்கயிருந்து வரும்?" என்றார். அவன் உடனே வைத்துவிட்டான். முருகை அழிந்தால் மீன்குஞ்சு வளர இடமில்லை. மீன் இன்றேல் தோணி இல்லை. தோணி இன்றேல் ஊர் இல்லை. அவர் ஒரு மூச்சிற் சொன்ன இக்காரணத் தொடரை விளக்க நமக்கு ஒரு பாடவேளை வேண்டும். அக்கடற்கரையார் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையைக் கண்டவர்கள், நெடும்போரையும் கண்டவர்கள். கடலைப் பற்றி அவர்கள் கூறுவது வெறும் அறிவுரையன்று, பட்டறிவு. சுற்றுலாவிலே நாம் காண மறக்கும் பெரும்பொருள் அவ்வூர் மக்களே. தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் ஒரு துறையைச் சூழ்ந்து வாழும் ஊர் அது. அவர்களுட் கடலோடி ஒருவரோடேனும் பேசாது திரும்பும் மாணாக்கன் கரையைத்தான் கண்டான், துறையைக் கண்டானல்லன்.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையிலே எனக்கு மிகவும் வருத்தந் தருவது வேறொன்று. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் பலரும் கொள்ளும் "மோகனாங்கி" 1895இல் வெளிவந்தது. அதனை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். பெண் விடுதலையைப் பொருளாகக் கொண்டு "தத்தை விடு தூது" பாடியவரும் அவரே. அவர்தம் உடன்பிறந்தாராகிய தி. த. கனகசுந்தரம்பிள்ளை சென்னையிலே பதிப்புப் பணியிற் புகழ்பெற்றவர். "திருக்கோணாசல வைபவம்" எழுதிய அகிலேசபிள்ளை அவ்வூரின் புலமை மரபுக்கு மற்றொரு தூண். விபுலானந்த அடிகள் அந்நகரின் இந்துக் கல்லூரியிலே தொண்டாற்றியவர். துறைமுக நகரங்களுக்கு ஓர் இயல்புண்டு. பிறநாட்டுக் காற்று அங்கு முதலில் வீசும். நாவல் என்னும் புதிய இலக்கிய வடிவம் ஈழத்தவர் கைக்கு எட்டிய தொடக்க காலத்திலேயே, துறைமுகத்திற் பிறந்த ஒருவர் அதனைக் கையாண்டது வியப்பன்று. மோகனாங்கி என்னும் பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்த மாணாக்கர், அதன் ஆசிரியர் ஊரிலே நின்றுகொண்டும் அப்பெயரை நினையாது ஐஸ்கிறீம் கடையைத் தேடுகின்றனர். நாம் நினைப்பூட்டினோமா?

"கோயிலுக்குச் செல்வது கும்பிட, அங்கும் பாடம் நடத்தவோ?" என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கும்பிடுதலை யான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் சம்பந்தப்பிள்ளையார் தம் பதிகத்திலே இறைவனை மட்டும் பாடி அமையவில்லை. கடலையும் முத்தையும் சுனையையும் சேர்த்தே பாடினார். இடத்தைப் பாராது இறைவனை மட்டும் பார்த்தல் அவர் காட்டிய நெறி அன்று. "பரீட்சைச் சுமையிலே இதற்கு நேரம் ஏது?" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. ஒரு நாட் செலவுக்கு மாணாக்கர் தம் பெற்றோரிடம் பெரும்பணம் வாங்கி வருகின்றனர். அப்பணத்துக்கு ஈடாக நாம் அவர்க்குக் கொடுப்பது வெயிலும் களைப்புமே ஆயின், அதுவன்றோ வீண்?

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, புறப்படுமுன் ஒரு வாரம் வகுப்பிலே ஆயத்தம் வேண்டும். தமிழாசிரியர் பதிகத்தையும், வரலாற்றாசிரியர் ஆண்டுகளையும், புவியியலாசிரியர் துறையின் படத்தையும் விளக்குக. மூன்று ஆசிரியரும் கூடிப் பேசினால் மூன்று பெட்டிகளும் ஒன்றாகும். இரண்டாவது, காலமறிந்து செல்க. கீழ்க்கரைக் கடல் சித்திரை வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையிலேதான் பெரிதும் அமைதியாய் இருக்கும். டிசெம்பர் விடுமுறையிலே பிள்ளைகளை அங்கே கடலில் இறக்குவது அறியாமை. சில வேளை பேராபத்து. மூன்றாவது, இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டுக. கோட்டை வாயிலில் அரைமணி. மலையுச்சியிற் கடலை நோக்கி அரைமணி. தோணித்துறையிலே ஊரவரோடு ஒருமணி. அவசரப்பட்டுப் பத்து இடங்களில் இறங்கி ஏறுவதிலும் இது பயன் மிக்கது. கொண்டுசென்ற பொலித்தீனையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவருதல் இம்மூன்றுக்கும் முற்பட்ட கடமை. அதனை ஒரு விதியாகச் சொல்ல நேர்வதே நாணத்தக்கது.

இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை. புதிய நிதியும் வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர் முதல்நாள் இரவு இரண்டு மணிநேரம் படித்தால் போதும். முருகை ஒருமுறை முறிந்தால் நம் வாழ்நாளில் மீளாது. கல்லெழுத்து உப்புக்காற்றிலே நாளும் தேய்கின்றது. இவற்றைக் காக்கப்போகும் தலைமுறை இன்று நம் வகுப்பறையிலே அமர்ந்திருக்கின்றது. அறியாத ஒன்றை எவரும் காக்கமாட்டார். ஆதலின், கோணமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும், அவர்கள் திரும்பி வந்து சொல்லத்தக்கதாய் ஒரு செய்தியையேனும் கண்ணால் அறியச் செய்வாராக.